ஓரகத்தியின் தீவு

என் ஓரகத்திக்கு ஒரு தீவு இருக்கிறது, எனக்கு இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள வழக்கு மொத்தமும் இதுதான். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. வயிறு என்று ஒன்று இருந்தால் எரியத்தான் செய்யும்.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. அந்தமானையும் தாண்டி, ராத்திரி பகலாகக் கப்பலில் போய்ச் சேர வேண்டிய ஒரு தீவில் பிறந்தவள். அங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது. தோட்ட வேலைக்கென்று நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடியேறியிருந்தார்கள். என் கொழுந்தனார் அங்கே மின்சாரக் கம்பி இழுக்கிற வேலைக்குப் போனவர், இவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். சுனாமியில் வீடும் தட்டுமுட்டுச் சாமானும் போன பிறகுதான் அறந்தாங்கிக்குத் திரும்பி வந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் முதலில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு அடுத்த தெருவில் வீடு பார்த்துப் போனார்கள். அப்போது என் கணவர் குவைத்தில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பெட்டியைப் பிரிப்பார், பெட்டியைக் கட்டுவார், போய்விடுவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான் என்பதால் யாரும் யாரையும் பார்த்து உச்சுக் கொட்டுவது கிடையாது.

ஆனால் தீவிலிருந்து வந்தவள் என்றால் சும்மாவா? வந்த நாளிலிருந்து அவள் சொல்லச் சொல்ல ஊர் கேட்டது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே கப்பல் சொன்ன தேதிக்கு வராதாம். வராத நாட்களில் முதலில் தீர்ந்துபோவது வெங்காயமாம். கடைசி வெங்காயம் யார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியுமாம். அந்த வீட்டுக்காரி அதை அரிந்து தாளித்தால், வாசனைக்கே மற்ற வீட்டுப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்காருமாம். கப்பல் வந்த அன்று யார் வீட்டுச் சரக்கு முதலில் இறங்குகிறதோ, அவர்கள் வீட்டுக்கு வீடு ஒரு வெங்காயம் கொடுத்துவிட்டுத்தான் தங்கள் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டுமாம். இதைக் கேட்டு எங்கள் சனம் வாயைப் பிளக்கும். வெங்காயம் விலை ஏறிக் கிடந்த வருஷத்தில் நானும்தான் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்தேன். யார் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்?

அந்தத் தீவில் ஒரு பூரான் உண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தொட்டுக் காட்டுவாள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அது ஒரு விரற்கடை வளரும். ஜெகதாப்பட்டினத்திலிருந்து காலையில் வந்து இறங்கிய மீனைக் குழம்பு வைத்துப் போட்டால், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்கு, கொஞ்சம் ஐஸ் வாடை அடிக்குது" என்பாள். என் கணவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு அவரும் அவள் பேச்சுக்கு அடிமை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தாலும் அவள் தீவு என்று ஆரம்பித்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் ரேஷன் கடையில் நடந்ததைச் சொன்னால் அவர் கை ரிமோட் பக்கமே போகாது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். என் மகள் விஷயத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு ஒரே பிள்ளை. அப்பா இல்லாத வீட்டில் நானே அப்பாவும் அம்மாவுமாக இருந்து வளர்த்தவள். பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது நான், ஊசி போட்டால் கையைப் பிடித்தது நான், கெட்டவார்த்தை பேசினால் வாயில் சுண்டியது நான். எம்.ஏ. சரித்திரம் படித்துவிட்டு, புதுக்கோட்டை போகிற வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பழைய கட்டடத்தில் இரண்டு அறை சும்மா கிடந்ததாம். தீவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் அங்கங்கே இருக்கின்றன, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு மியூசியமாக வைத்தால் என்ன என்று இவளே கேட்டு, இவளே அனுமதியும் வாங்கிவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டின்போது இதைச் சொன்னாள். கையில் எடுத்த சோற்றை நான் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமைகள் ஓரகத்திக்குச் சொந்தமாகிவிட்டன. மகள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அடுத்த தெருவுக்குத்தான் போவாள். செல்போனை அவள் முன்னால் நிறுத்தி வைத்து, "அப்பறம் என்ன செஞ்சீங்க சித்தி? மழைக்கு வெறகு எங்க வச்சிருந்தீங்க? எத்தன மணிக்கு ரப்பர்ப் பால் வெட்டப் போவீங்க?" என்று கேள்வி கேள்வியாகக் கேட்பாள். நான் காபித் தம்ளரோடு அங்கே போனால், சத்தம் பதிவாகிவிடும் என்று கையைக் காட்டி என்னை நிறுத்துவாள். அவளிடம் 'நீங்க', என்னிடம் 'நீ'. அம்மா என்றால் 'நீ'தான், அது உரிமை என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அந்த 'நீங்க'வில் இருந்த பணிவைப் பார்த்தபோது என்னை ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டால் என்ன என்று இருந்தது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே என் பிள்ளையை நான் ஊட்டி வளர்த்தேன், அது ஊரான் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நானும் முயற்சி பண்ணாமல் இல்லை. ஒரு நாள் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, ஆலங்குடியில் என் பிறந்த வீட்டில் கடலை பிடுங்குகிற காலத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று ஆரம்பித்தேன். ஆள் கிடைக்காமல் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடலை ஆய்ந்தது, நகக்கண்ணில் மண் ஏறி வலித்தது, எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்றாள்.

இன்னொரு நாள் பரணில் ஏறி, அவள் அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்ததையெல்லாம் இறக்கி வைத்தேன். சக்கரம் கழன்ற பெட்டி, புலி படம் போட்ட கம்பளி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, மூடி போன தைலப் புட்டிகள். மியூசியத்துக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "இத வச்சு என்னம்மா பண்றது? அறந்தாங்கில எந்த வீட்டுப் பரண்ல ஏறுனாலும் இதான் கெடக்கும்." எல்லார் வீட்டிலும் இருந்தால் அது வாழ்க்கை இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். எல்லாவற்றையும் மறுபடி பரணில் ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மியூசியம் வளர்ந்தது. தீவுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி, பால் பிடிக்கிற கொட்டாங்கச்சி, தாழை ஓலையில் பின்னிய பாய், துருப்பிடித்த அரிக்கேன் விளக்கு. எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டார்கள். இரண்டாவது அறையில் தீவு வீட்டு அடுப்படியை அப்படியே கட்டினார்கள். என் ஓரகத்திதான் மேஸ்திரி. அடுப்பு இந்த உயரம், விறகு அடுப்புக்கு மேலே பரணில், உப்பு மரவைச் சட்டியில், மழைச் சாரல் இங்கிட்டு அடிக்கும், அதனால் கதவு அங்கிட்டு என்று நின்ற இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணினாள். கல்லூரிப் பிள்ளைகள் அவள் சொன்னதற்கெல்லாம் ஓடினார்கள். எனக்குக் கொடுத்த வேலை அத்தனை பேருக்கும் தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு போவது.

அந்த அடுப்படியில்தான் திறப்பு விழா. விளக்கேற்றியதும் தீவுப் பெண் ஒருத்தி அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கதை சொல்வது என்று ஏற்பாடு. யார் அந்த ஒருத்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் அதற்கென்று பச்சைக் கரை வைத்த கைத்தறிச் சேலை எடுத்திருந்தாள். கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீடு என்றால் பிணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டல்லவா, அந்த வகை என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விழா அன்று விடிந்ததும் அவள் பிறந்த வீட்டு வகையில் ஒரு பெரியவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. கேதத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. கேதத்துக்குப் போய்விட்டு அதே நாளில் விளக்கேற்றுகிற இடத்துக்கு வருவதும் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவள் கசங்கிய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மகள் முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தாள். "அம்மா, சித்தி எடத்துல நீ உக்காரும்மா."

எங்கள் குடும்பங்களில் இது புதிது இல்லை. ஓரகத்திகளில் ஒருத்திக்குக் கேதமோ தீட்டோ வந்துவிட்டால், அவள் தூக்க வேண்டிய சீர்த்தட்டை மற்றவள் தூக்குவாள். அவள் எடுக்க வேண்டிய ஆரத்தியை இவள் எடுப்பாள். யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. மியூசியத்துக்கும் இந்த வழக்கம் பொருந்துமா என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பலகையில் உட்காரப் பல மாதமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

உட்கார்ந்தேன். சனம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், கழுத்தில் கேமரா போட்ட இரண்டு பேர். முதலில் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். பிறகு வெங்காயத்தில் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் தானாக வந்தது. பொறாமைப்படுகிறவளைப் போலக் கவனமாகக் கேட்கிறவள் உலகத்தில் கிடையாது. அவள் எந்த இடத்தில் நிறுத்துவாள், எந்த இடத்தில் குரலை இறக்குவாள் என்பது வரைக்கும் எனக்கு மனப்பாடம். பூரானுக்கு நானும் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அவளுக்கு ஒரு நாளும் அப்படிப் பின்வாங்கியதில்லை.

கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா கேட்டார்: "கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருக்கறது எப்படிங்க இருக்கும்?"

இதை யாரும் என் ஓரகத்தியிடம் கேட்டு நான் கேட்டதில்லை. என்னிடம் பதில் மனப்பாடம் இல்லை. ஆனாலும் வாய் பேசிக்கொண்டே போனது.

"புள்ளையோட அப்பா வர்றாருன்னு சேதி வந்துருச்சுங்க. காலையில எந்திரிச்சு புள்ளையக் குளிப்பாட்டி, ரோஸ் கலர்ல புதுக் கவுன் போட்டு, ரெட்டை சடை போட்டு, கூட்டிட்டுப் போயி நின்னோம். வர்றவுங்க எல்லாம் வந்தாங்க. ஒவ்வொரு ஆளா எறங்கி, அவுங்கவுங்க சனத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. எல்லாரும் போனப்பறம் கூட்டித் தள்ளுறவுங்க வந்துட்டாங்க. இவரு மட்டும் வரல. புள்ள என்னயக் கேக்கவே இல்ல, அப்பா எங்கன்னு. வீட்டுக்கு வந்து கவுன மாத்தலாம்னு தொட்டா, கைய இறுக்கிக் கட்டிக்கிச்சு. அப்பா வந்து பாத்தப்பறம்தான் மாத்துவேன்னு. அதோடயே சாப்புட்டு, அதோடயே தூங்கி, நாலஞ்சு நாளு அதையே போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. வேர்வையில கழுத்துப் பக்கமெல்லாம் கருத்துப்போச்சு. அடுத்த கப்பல் எப்பன்னு யாருக்கும் தெரியல."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் செல்போன் இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தியைப் பார்க்கிற அந்தப் பார்வையில் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைப் பொய்யாக அடக்கிச் சொல்ல மாட்டேன். மகாராணி மாதிரி அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஓரகத்தி கேதத்திலிருந்து திரும்பி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி வந்தாள். விழா எப்படி நடந்தது என்று கேட்பதற்குள் மகள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"ஏன் சித்தி, இத்தன மாசமா ஒங்களோட பேசுறேன், அந்தக் கவுன் கதைய நீங்க சொல்லவே இல்லையே? அம்மா சொல்லி எல்லாரும் அழுதுட்டாங்க. அதத்தான் செவுத்துல பெருசா எழுதப் போறேன். அதே மாதிரி ஒரு கவுனு தச்சு கண்ணாடிக்குள்ள வைக்கலாம்னு இருக்கேன்."

"எந்தக் கவுனு?" என்றாள் ஓரகத்தி.

மகள் முழுவதையும் சொன்னாள். இரட்டைச் சடை, கூட்டித் தள்ளுகிறவர்கள், கழுத்தில் கருத்துப்போன துணி, ஒன்றையும் விடவில்லை. நான் தோசைக்கல்லைப் பார்த்தபடி நின்றேன். தோசை கருகியது. எடுக்கவில்லை.

ஓரகத்தி தலையிலிருந்து துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க தீவுல எந்த அப்பனும் கப்பல்ல வர வேண்டிய அவசியமில்ல கண்ணு. ஆம்பளைங்க எல்லாம் தோட்டத்துலதான் கெடந்தாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவாங்க. கப்பல்ல வெங்காயந்தான் வரும்."

எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சலின் வேர் எங்கே இருந்தது என்று அந்த ஒரு பேச்சில் எனக்கே தெரிந்துவிட்டது. கப்பலையும் பூரானையும் கண்டு நான் பொறாமைப்படவில்லை. அவள் புருஷன் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தான்.

"அப்ப அம்மா சொன்னது பொய்யா?" என்றாள் மகள்.

"பொய்யில்ல. நடந்தது. இந்த வீட்டுல நடந்தது. நாங்க அங்கேருந்து வந்து இங்கதான இருந்தோம், அப்ப. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் புடிச்சுப் போயிட்டு வந்தாங்க. கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல லீவு இல்லைன்னுட்டான். அஞ்சாம் நாளு அந்தக் கவுன நாந்தான் அவுத்தேன். புள்ள தூங்குறப்ப முதுகுப் பக்கம் கத்தரிக்கோலால வெட்டி அவுத்தேன். அக்காவுக்கு அப்ப காய்ச்சலு, எந்திரிக்க முடியாமப் படுத்துருந்தாங்க."

என் கதையை என் கதை என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான். என் வயிற்றில் பிறந்த பிள்ளையோ அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டு, ஏதோ தீவில் நடந்ததாக நினைத்துக்கொண்டு இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

மகள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளிடம்தான் கேட்டாள். "அந்தப் புள்ள யாரு சித்தி?"

கதை என்றால் வாயை மூடத் தெரியாத என் ஓரகத்தி வாயைத் திறக்கவில்லை. மடியில் இருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்தேன்.

"நீதான்டி" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஞாபகம் இருக்கிற வயசும் இல்லை அது. தரையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தன நாளும் எந்திரிக்க முடியாமயா படுத்துருந்த? அவ்வளவு காய்ச்சலாம்மா?"

ஓரகத்தி எனக்காகச் சொல்லி வைத்த பொய் அது. நல்ல பொய். அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் என் மகள் என் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல, அந்தக் கவுனோட ஒன்னயப் பாக்க முடியாமத்தான் படுத்துக் கெடந்தேன்" என்று ஆரம்பித்தேன்.